மசாஜ் மையங்களுக்கு உரிமம் வேண்டும், உளவு வேண்டாம்



தென்காசியிலும் குற்றாலத்திலும் மசாஜ் மையங்கள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம் மக்களிடையே இரண்டு குரல்களே கேட்கின்றன. "எல்லாவற்றையும் இழுத்து மூட வேண்டும்" என்பது ஒன்று. "நமக்கு எதற்கு இந்த வம்பு?" என்பது மற்றொன்று. முதல் குரல் மார்க்கப்பற்றின் குரலாகவும் இரண்டாவது விவேகத்தின் குரலாகவும் தோன்றலாம். இரண்டுமே தவறு என்பதே நம் கருத்து. மூடச் சொல்வோர் ஹலாலான ஒரு தொழிலை ஹராமோடு சேர்த்துப் புதைக்கிறார்கள். ஒதுங்கிக்கொள்வோர் ஹராமுக்கு இருட்டைப் பரிசளிக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் இடையே நேரான வழி ஒன்று உண்டு. தகுதியுடையோருக்கு உரிமம், வெளிப்படையான ஆய்வு, மீறுவோருக்குத் தண்டனை என்பதே அவ்வழி. அதைக் கேட்டுப் பெறும் பொறுப்பு நம் ஜமாஅத்துகளுக்கும் உண்டு.

எண்ணெய் தேய்ப்பது இழிதொழில் அன்று

ஜூன் தொடங்கிச் செப்டம்பர் வரை நீளும் சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வரும் நம் குடும்பங்கள் ஏராளம். கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை, பொட்டல்புதூர் என்று அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து மட்டுமல்லாமல் கேரளத்திலிருந்தும் வருகிறார்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, உருவிவிடச் சொல்லி, பிறகு அருவியில் நிற்பது அங்குள்ள நெடுநாள் வழக்கம். அந்த உழைப்பையே நம்பி வாழும் தொழிலாளர்கள் அங்கு இருக்கிறார்கள். சித்த மருத்துவம் இதனைத் தொக்கணம் என்ற பெயரில் புறமருத்துவ முறைகளுள் ஒன்றாகக் கொள்கிறது. ஆண் ஆணுக்கும் பெண் பெண்ணுக்கும், மறைக்க வேண்டியதை மறைத்துச் செய்யும் இந்தப் பணியில் மார்க்கம் தடுத்தது எதுவும் இல்லை. வியர்வை உலர்வதற்கு முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், பிறர் உடம்பின் நோவைத் தணிக்க வியர்வை சிந்துகிறவனை ஏளனமாகப் பார்ப்பது தகாது.

ஆனால் இதே பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு, உள்ளே வேறு வணிகம் நடத்துவோரும் நாட்டில் உண்டு. சென்னை தொடங்கிப் பல நகரங்களில் இத்தகைய இடங்கள் காவல்துறையிடம் பிடிபடுவதை நாளிதழ்களில் படிக்கிறோம். உரிமம் வழங்குவதிலும் சோதிப்பதிலும் ஒழுங்கு இல்லாத ஊரில், நேர்மையானவனின் பலகையும் மோசடிக்காரனின் பலகையும் ஒன்றுபோலவே தெரியும். இதில் இழப்பு நேர்மையானவனுக்கே. சந்தேகம் இருவர் மீதும் விழுகிறது. ஆனால் அதைப் பணத்தால் துடைத்துக்கொள்ளும் வசதி மோசடிக்காரனுக்கே இருக்கிறது.

ஒரே சாலை, ஐந்து எல்லைகள்

நம் பகுதியின் தனிச் சிக்கல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தென்காசி ஒரு நகராட்சி. குற்றாலம், மேலகரம், இலஞ்சி ஆகியவை தனித்தனிப் பேரூராட்சிகள். பழைய குற்றாலம் ஆயிரப்பேரி ஊராட்சியைச் சேர்ந்தது. சில கிலோமீட்டர் தூரத்துக்குள் ஐந்து உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. நகராட்சிக்கும் பேரூராட்சிகளுக்கும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டமும் அதன் விதிகளும் பொருந்தும். ஊராட்சிக்கு 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பொருந்தும். ஓரிடத்தில் உரிமம் மறுக்கப்பட்டவர் மறுவாரமே அடுத்த எல்லைக்குள் பலகை மாட்ட முடியுமானால், அந்த மறுப்புக்கு என்ன பொருள்?

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஐந்து அமைப்புகளுக்கும் பொதுவான ஒரே பதிவேடும் ஒரே விதித்தொகுப்பும் வேண்டும் என்று கேட்பது இன்று எட்டாத கனவு அன்று.

கேமரா என்னும் எளிய விடை

"ஒவ்வோர் அறையிலும் சிசிடிவி மாட்டிவிட்டால் போயிற்று" என்பார் பலர். இது நீதிமன்றம் வரை போய்வந்த கேள்வி. 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம், தமிழகத்திலுள்ள ஸ்பாக்களிலும் மசாஜ் மையங்களிலும் கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட வேண்டும் என்று உத்தரவிட்டார். சில நாள்களிலேயே, 2022 ஜனவரியில், அதே நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் இதற்கு மாறான கருத்தை வெளியிட்டார். அத்தகைய இடத்தினுள் கேமரா வைப்பது ஒருவர் தம் உடல் மீது கொண்டுள்ள உரிமையை மீறுவதாகும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று அளித்த தீர்ப்பு இதற்கு அடித்தளமாக நின்றது.

சட்டவாதம் ஒருபுறம் இருக்கட்டும். மார்க்கக் கண்ணோடு பாருங்கள். சிகிச்சைக்காக மேலாடை களைந்து படுத்திருக்கும் ஒருவரின் உடலைப் படம்பிடித்துச் சேமித்து வைப்பது எந்த வகையில் ஒழுக்கத்தைக் காக்கும்? அந்தப் பதிவு யார் கைப்பேசிக்குப் போகும் என்று யார் உறுதி சொல்வார்? முதுகுவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சென்ற நம் தாயின், சகோதரியின் அவ்ரத்தைக் கண்ணாடிக் கண் ஒன்று பார்த்துக்கொண்டிருப்பதை நாம் ஒப்புவோமா? பார்வையைத் தாழ்த்தச் சொன்ன இறைவசனத்துக்கு இயந்திரப் பார்வை மட்டும் விதிவிலக்கு ஆகாது. நுழைவாயிலிலும் வரவேற்பிடத்திலும் கேமரா இருக்கட்டும். யார் வருகிறார், யார் போகிறார் என்பது பதிவாகட்டும். அறைக்குள் கூடாது.

ஹிஸ்பாவின் எல்லை

சந்தையைக் கண்காணிப்பது இஸ்லாமிய ஆட்சிமுறையில் பழமையான கடமை. தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, ஏமாற்றுபவன் நம்மைச் சார்ந்தவன் அல்லன் என்று எச்சரித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. பிற்காலத்தில் முஹ்தஸிப் என்னும் அதிகாரி எடைக்கல்லையும் ரொட்டிக் கடையையும் மருத்துவரையும் குளியல் இல்லங்களையும் சோதித்தார். ஹம்மாம் எனப்படும் அந்தக் குளியல் இல்லங்களில் உடல் தேய்த்துவிடும் பணியாளர்கள் இருந்தனர். ஆகவே இன்று நாம் பேசும் பொருள் நம் அறிஞர்களுக்குப் புதியதன்று.

1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் ஹம்மாம்களில் காணும் தீமைகளைத் தனியே எடுத்துப் பேசுகிறார்கள். தேய்ப்பவர் தொப்புளுக்குக் கீழும் தொடையிலும் துணியை விலக்குவதைக் கண்டிக்கிறார்கள். அவ்ரத்தைப் பார்ப்பது போலவே தொடுவதும் தடுக்கப்பட்டது என்கிறார்கள். அதோடு நிற்கவில்லை. வழுக்கும் கல் பதித்த வாசலையும், தரையில் விட்டுச்சென்ற சோப்பில் ஒருவர் வழுக்கி விழுந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் அதே இடத்தில் ஆராய்கிறார்கள். ஒழுக்கத்தையும் சுகாதாரத்தையும் வாடிக்கையாளரின் பாதுகாப்பையும் ஒரே மூச்சில் பேசிய பார்வை அது. நம் மேடைகளில் இன்று முதலாவது மட்டுமே ஒலிக்கிறது. மற்ற இரண்டையும் காணோம்.

அதே அறிஞர்கள் அதிகாரத்துக்கு வேலியும் இட்டார்கள். மறைந்திருப்பதைத் துருவுவது முஹ்தஸிபின் வேலை அன்று என்பது இமாம் மாவர்தி (ரஹ்) அவர்கள் வகுத்த விதி. நம்பத்தக்க ஒருவர் தகவல் தந்து, தாமதித்தால் ஓர் உயிரோ மானமோ மீட்க முடியாதபடி போய்விடும் என்ற நிலையில் மட்டுமே அவர்கள் விலக்கு அளித்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சுவரேறிக் குதித்து ஒருவரின் குற்றத்தைக் கண்டபோது, "நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தவை மூன்று" என்ற பொருளில் அந்த மனிதர் எதிர்வாதம் செய்ததையும் அறிஞர்கள் எடுத்துரைக்கிறார்கள். துருவினார், வாசல் வழியே வரவில்லை, அனுமதி கேட்கவில்லை என்பவையே அம்மூன்று. கலீஃபா அதை ஏற்றார்கள்.

கதவிடுக்கில் கைப்பேசியை நீட்டிப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் "சமுதாய விழிப்புணர்வு" என்று தலைப்பிட்டு அனுப்பும் இளைஞர்கள் இந்நிகழ்ச்சியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டும். துப்பட்டாவால் முகம் மூடி வண்டியில் ஏற்றப்படும் பெண்ணின் காணொளியைப் பகிர்பவர் எந்தத் தீமையைத் தடுத்தார்? அவள் குற்றவாளியா, ஏமாற்றி அழைத்துவரப்பட்டவளா, வெறும் வரவேற்பாளரா என்பது அவருக்குத் தெரியாது. கற்புள்ள பெண் மீது பழி சுமத்துவோரிடம் நான்கு சாட்சிகளைக் கேட்கிறது குர்ஆன். கொண்டுவராவிட்டால் எண்பது கசையடி என்கிறது. கட்டாயப்படுத்தப்பட்ட பெண்களுக்கோ இறைவனின் மன்னிப்பையும் கருணையையும் நினைவூட்டுகிறது. நாட்டின் சட்டமும் இதில் கவனமாகவே இருக்கிறது. 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, சோதனையின்போது அப்பகுதியைச் சேர்ந்த இருவரேனும் சாட்சிகளாக இருக்க வேண்டும், அவர்களுள் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், பெண் காவலர் இருவரேனும் உடன்செல்ல வேண்டும் என்கிறது. காவல்துறைக்கே இத்தனை வரம்புகள் இருக்கும்போது கைப்பேசிக்காரருக்கு யார் தந்த அதிகாரம்?

உடம்புக்கு வரும் ஆபத்து

ஒழுக்கம் பற்றிய கூச்சலில் மறந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. பயிற்சியற்ற கை ஆளைக் கொல்லவும் கூடும். காலின் ஆழ்நாளத்தில் இரத்தக்கட்டி உள்ளவரின் காலை அழுத்தி உருவினால், கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம். கழுத்தை வெடுக்கென்று திருப்பி நெட்டி முறிக்கும்போது மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரலாம். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடான எண்ணெய் புண்ணாக்கும்வரை தெரியாது. ஒருவருக்கு விரித்த துணியைத் துவைக்காமல் அடுத்தவருக்கு விரித்தால் சொறியும் படர்தாமரையும் குடும்பத்தோடு வீட்டுக்கு வரும். நம் வீட்டுப் பெரியவர்கள் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் உள்ளவர்கள். "வர்மம்", "ஆயுர்வேதம்" என்று எழுதிய பலகையை நம்பிப் படுப்பவர்கள் அவர்களே. அந்தப் பலகைக்குப் பின்னால் பதிவுபெற்ற மருத்துவர் இருக்கிறாரா என்று யாரேனும் கேட்க வேண்டாமா? மருத்துவம் என்று சொல்லிக்கொண்டால், 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவுசெய்ய வேண்டும். மருத்துவம் இல்லை என்றால் அந்தப் பெயரைப் பலகையிலிருந்து எடுக்க வேண்டும்.

புளியரையைத் தாண்டினால் கேரளம். அங்கே சுற்றுலாத்துறை ஆயுர்வேத மையங்களைக் 'கிரீன் லீஃப்', 'ஆலிவ் லீஃப்' என்று தரம் பிரித்துச் சான்றளித்தது. தகுதி பெற்ற மருத்துவரின் மேற்பார்வை, பயிற்சி பெற்ற ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாவது பணியில் இருத்தல், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறை ஆகியவை அதன் நிபந்தனைகள். இந்த ஒழுங்கு அந்தத் தொழிலை அழிக்கவில்லை. அதற்கு மதிப்பைத் தந்தது. மலைக்கு அந்தப்பக்கம் முடிந்தது இந்தப்பக்கம் முடியாதா?

தெருவோரத் தொழிலாளியை மறக்கலாமா?

ஒழுங்குமுறை என்றதும் முதலில் விரட்டப்படுபவர் குளிரூட்டிய அறைக்காரர் அல்லர். எண்ணெய்க் கிண்ணத்தோடு சாலையோரம் அமர்ந்திருப்பவரே. அருவிப் பகுதியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு ஆகியவற்றைப் பயன்படுத்த உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014இல் தடை விதித்தது. அந்தத் தடையின் நோக்கம் நியாயமானது. அருவியில் கலக்கும் எண்ணெய் சிற்றாற்றின் வழியே நம் வயல்களுக்கும் குளங்களுக்கும் வந்து, கடைசியில் தாமிரபரணியில் சேர்கிறது. நீரை வீணாக்குவதையும் அசுத்தப்படுத்துவதையும் தடுத்த மார்க்கம் நம்முடையது. ஆகவே தடையை மதிப்பது நம் கடமை.

ஆனால் அருவியைக் காப்பது வேறு, ஏழையின் அடுப்பை அணைப்பது வேறு. 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரை மட்டுமல்லாமல் தெருவில் பொதுமக்களுக்குச் சேவை செய்பவரையும் வியாபாரி என்றே வரையறுக்கிறது. அவர்களைக் கணக்கெடுத்து, விற்பனைச் சான்று வழங்கி, இடம் ஒதுக்க வேண்டும். இவற்றைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது என்றும் அச்சட்டம் சொல்கிறது. அருவிக்கு அப்பால் ஓரிடம், கழிவு எண்ணெய் ஓடையில் கலக்காதபடி தொட்டி, ஆளுக்கோர் அடையாள அட்டை. இவ்வளவு போதும்.

"உரிமம் கொடுத்தால் ஹராமை அங்கீகரித்தது ஆகாதா?"

சில நல்லவர்கள் மனம் நொந்து எழுப்பும் கேள்வி இது. மதிப்போடு பதில் சொல்ல வேண்டும். உரிமம் விபசாரத்துக்கு வழங்கப்படுவதன்று. அதைக் கலக்காமல் தொழில் செய்வதாக எழுதிக் கொடுப்பவருக்கு வழங்கப்படுவது. இறைச்சிக் கடைக்கு உரிமம் தருவதால் செத்த ஆட்டை விற்பது ஆகுமானதாகிவிடுமா? மாறாக, செத்த ஆட்டை விற்பவனைப் பிடிக்க அந்த உரிமமே கயிறாகிறது.

அந்நிய ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் தொட்டு மசாஜ் செய்வதை மார்க்கம் அனுமதிக்கவில்லை. மருத்துவ நிர்ப்பந்தம் என்பது வேறு. இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதை எல்லார் மீதும் சட்டமாக்கும் முயற்சி தலைநகரில் என்னவாயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2021இல் தில்லி அரசின் வழிகாட்டுநெறிகள் எதிர்பாலினர் மசாஜ் செய்வதைத் தடை செய்தன. அந்த ஆண்டு டிசம்பரிலேயே தில்லி உயர் நீதிமன்றம் அத்தடையை நிறுத்திவைத்தது. பாலியல் தொழிலைத் தடுக்கும் நோக்கத்துக்கும் முழுத்தடைக்கும் நியாயமான தொடர்பு இல்லை என்பது அதன் முதற்கட்டக் கருத்து. அதே வேளையில், உரிமம் இல்லாத இடங்கள் மீது நடவடிக்கை எடுக்கவும் அது கூறியது. நமக்கு இதில் பாடம் உண்டு. "தன் பாலினப் பணியாளரையே கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் வேண்டும், அது வாசலில் எழுதப்பட வேண்டும்" என்று கேட்டால் எந்த நீதிமன்றமும் தடுக்காது. நம் பெண்களுக்கும் பிற சமயச் சகோதரிகளுக்கும் அது ஒருங்கே பாதுகாப்பு.

நாம் கேட்பவை

ஒன்று, ஐந்து உள்ளாட்சி அமைப்புகளுக்கும் மாவட்ட ஆட்சியர் மேற்பார்வையில் ஒரே பதிவேடு. அது பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்பட வேண்டும்.

இரண்டு, உரிம எண், உரிமையாளர் பெயர், கட்டணம், நேரம், புகார் எண் ஆகியவை தமிழில் வாசலில் இருக்க வேண்டும்.

மூன்று, பணியாளருக்குப் பயிற்சிச் சான்றும் அடையாள அட்டையும் வேண்டும். அறைக் கதவுகள் உள்ளே தாழிட முடியாதவையாக இருக்க வேண்டும்.

நான்கு, பெண் அலுவலர் உடன் வரும் முறையான ஆய்வு. ஆய்வு நாளும் முடிவும் பதிவேட்டில் ஏற வேண்டும்.

ஐந்து, விண்ணப்பத்துக்கு முடிவு சொல்லக் கெடு வேண்டும். காரணமின்றி இழுத்தடிக்கும் கோப்பே கையூட்டின் கருவறை.

ஆறு, வேலை செய்யும் பெண்களுக்கு 2013ஆம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு. பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடமானால் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

ஜமாஅத்துகள் செய்ய வேண்டியவை

அரசிடம் கேட்பதோடு நம் கடமை முடியவில்லை. கடைத்தெருவில் கட்டடம் வைத்திருப்போர் நம்மிலும் உண்டு. இரட்டிப்பு வாடகை வருகிறது என்பதற்காக, உள்ளே நடப்பதைக் கேளாமல் சாவியைக் கொடுப்பவர் ஜும்ஆவில் முதல் வரிசையில் நின்றாலும் அந்தப் பணம் தூய்மையாகிவிடாது. தெரிந்தே இடம் கொடுப்பதை 1956ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றம் என்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் உரிமத்தின் நகலை இணைக்கச் சொல்வது சிறிய செயல், விளைவு பெரிது.

சந்தேகம் எழுந்தால் உரிய அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள்; நகலை வைத்துக்கொள்ளுங்கள்; பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். தெருவில் கூட்டம் கூட்டாதீர்கள். நேர்மையாகத் தொழில் செய்பவரை, அவர் எந்தச் சமயத்தவராயினும், பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். நம் வீட்டு இளைஞர் யாரேனும் இத்தொழிலை முறையாகக் கற்க விரும்பினால் ஏளனம் செய்யாதீர்கள்.

தீமையைத் தடுக்கச் சொன்ன அதே இறைவன்தான் துருவித் துருவி ஆராயாதீர்கள் என்றும் சொன்னான். இரண்டு கட்டளைகளையும் ஒருங்கே நிறைவேற்ற நம் காலத்தில் உள்ள வழி, பகல் வெளிச்சத்தில் எல்லாருக்கும் ஒன்றாக நடக்கும் நல்ல சட்டம். அடுத்த சாரல் காலத்துக்கு முன் நம் ஊர் ஜமாஅத்துகள் ஒன்றுகூடி, பிற சமய ஊர்ப் பெரியவர்களையும் தொழிலாளர்களையும் உடன் அழைத்து, இந்தக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் அளிக்கட்டும். வல்ல அல்லாஹ் நம் உழைப்பையும் உடலையும் மானத்தையும் காத்தருள்வானாக. ஆமீன்.